வளைந்த தாரைகளை அளந்து பார்த்தது: இதுவரை

சில கேலக்ஸிகளின் நடுவிலுள்ள கருந்துளையிலிருந்து தாரைகள், அதாவது நீண்ட பீச்சல்கள், கிளம்பி ரேடியோ அலைகளில் தெரிகின்றன; அவற்றுள் சில ஏன் வளைகின்றன என்று பார்க்கப் புறப்பட்டேன். பெர்சியஸ் கேலக்ஸிக் கொத்திலுள்ள என்ஜிசி 1265 என்னும் ரேடியோ கேலக்ஸியில்தான் தொடங்கினேன். வானப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க உதவும் அலாடின் மென்பொருளில், கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எடுத்த படத்தை அடியில் வைத்து, என்விஎஸ்எஸ் என்னும் வான அளவாய்வின் ரேடியோச் செறிவை அதன்மேல் சம அளவுக் கோடுகளாக ஏற்றியபோது, கேலக்ஸி ஒரு முனையில் தலையாக நிற்க, மற்றதெல்லாம் ஓடுகிறவன் கையிலுள்ள தீப்பந்தத்தின் புகைபோல ஒரே பக்கமாக இழுபட்டிருந்தது. கருந்துளையின் இரு புறமும் எதிரெதிராகக் கிளம்பும் தாரைகள் இங்கே ஒரே திசையில் மடிந்திருக்கின்றன. ஆனால் 45 வில்நொடிப் பிரிதிறனில் (வில்நொடி என்பது ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு) இரண்டையும் தனித்தனியே பார்க்க முடியவில்லை.

மடிப்பதற்கு வேகம் போதுமா என்று கணக்குப் போட்டேன். கேலக்ஸியின் செம்பெயர்ச்சி, அதாவது விலகிச் செல்வதால் அதன் ஒளியின் அலைநீளம் நீளும் விகிதம், 0.0251, கொத்தினுடையது 0.0179. வேறுபாட்டை ஒளியின் வேகத்தால் பெருக்கி 1.0179ஆல் வகுத்தால் நொடிக்கு ஏறத்தாழ 2,100 கி.மீ. வருகிறது. பார்வைக் கோட்டின் திசையில் மட்டுமே இவ்வளவு என்றால், கொத்தை நிரப்பியிருக்கும் வெப்ப வாயு எதிர்க்காற்றாக வீசித் தாரைகளைப் பின்னோக்கித் தள்ளுவதில் வியப்பில்லை.

இதே விளக்கத்தை ஏபெல் 2634 கொத்தின் 3சி 465 என்னும் ரேடியோ மூலத்துக்கும் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். பிறகு அடிக்க வேண்டியதாயிற்று. அகன்று வளைந்த அதன் தாரைகளுக்குத் தாயகமான என்ஜிசி 7720, கொத்தின் நடுவிலேயே இருக்கும் பெருங்கேலக்ஸி. கொத்தோடு ஒப்பிட்டால் அதன் வேகம் மிகக் குறைவு. இத்தகையவற்றில், கொத்துகள் ஒன்றோடொன்று மோதி இணையும்போது கலங்கும் வாயுவே கேலக்ஸியைக் கடந்து வீசுகிறது என்பதுதான் பொருத்தமான விளக்கம். ஓடுவது யார், வீசுவது எது என்பதைப் படம் தானாகச் சொல்வதில்லை.

சிக்னஸ் ஏ என்னும் ரேடியோ கேலக்ஸி இன்னொரு குட்டு வைத்தது. அதுவும் செறிந்த கொத்துக்குள்தான் இருக்கிறது; ஆனாலும் தாரைகள் ஏறக்குறைய நேராகச் சென்று, மடல்களின் (தாரைகள் ஊதிப் பெருக்கும் ரேடியோ மேகங்களின்) கடைசியில் பளிச்சென்ற புள்ளிகளாக முடிகின்றன. விளிம்பில் ஒளிரும் இவ்வகையை வானியலாளர்கள் ஃபனராஃபும் ரைலியும் 1974இல் ஆற்றல் மிகுந்த வகையாகப் பிரித்துக் காட்டினார்கள். எனவே சூழலை மட்டும் அளந்து பயனில்லை, தாரையின் வலுவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அதன்பின், கேலக்ஸிக் கொத்துகளைத் தொகுத்துத் தரும் ஏபெல் பட்டியலிலுள்ள கொத்துகளை ஒட்டி, வளைந்தவையாகத் தோன்றிய 18 உருக்களைத் திரட்டினேன். அவற்றுள் ஐந்தில், இரண்டாவது தாரை என்று நான் நம்பியதன் நடுவில் ஒளிப் படத்தில் வேறொரு கேலக்ஸி இருந்தது. தொடர்பற்ற இரு மூலங்களை ஒன்றாக எண்ணியிருக்கிறேன், நீக்கிவிட்டேன். எஞ்சியவற்றில் தலையையும் இரு முனைகளையும் இணைத்துக் கோணம் அளந்தேன். புனே அருகே கோடத்திலுள்ள ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கி 150 மெகாஹெர்ட்ஸில் எடுத்த டிஜிஎஸ்எஸ் அளவாய்வுப் படத்தில் அளந்தால் ஒரு கோணமும், 1.4 கிகாஹெர்ட்ஸ் என்விஎஸ்எஸ் படத்தில் வேறொன்றும் கிடைத்தன. பிரிதிறன் வேறு, தவிர, ஆற்றல் இழந்த பழைய எலக்ட்ரான்கள் குறைந்த அதிர்வெண்ணில்தான் நன்றாகத் தெரிவதால் வாலின் முனையே இடம் மாறுகிறது. இனி எல்லாவற்றையும் டிஜிஎஸ்எஸ் படத்திலேயே அளப்பதென்று வைத்துக்கொண்டேன்.

பெரிய பிழை வேறிடத்தில் இருந்தது. கொத்துகளுக்கு அருகில் மட்டுமே தேடிவிட்டு, வளைந்தவை கொத்துகளுக்கு அருகில் இருக்கின்றன என்று எழுதப்போனேன். இப்போது ஏபெல் பட்டியலை மூடிவைத்துவிட்டு, வானத்தின் ஒரு பட்டையில் கண்ணில் படும் இரட்டை மடல் மூலங்களை நேரானவை, வளைந்தவை என்று பாராமல் குறித்துவருகிறேன். கொத்துகளின் இடங்களை அதன் பிறகே படத்தில் ஏற்றுவேன்.