வேலி இல்லாத ஊர்: சீ ராஞ்ச்

கலிபோர்னியாவின் ஒன்றாம் எண் நெடுஞ்சாலையில் ஜென்னரைத் தாண்டி வடக்கே போனால் சீ ராஞ்ச் வரும். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சுமார் 100 மைல். கடலோரமாகப் பத்து மைல் நீளத்துக்கு இருக்கிற ஊர் என்றாலும், தெரியாமல் போகிறவர்கள் ஊர் என்ற நினைப்பே இல்லாமல் கடந்துவிடுவார்கள். தெருவிளக்கு கிடையாது, மதில் கிடையாது, கடை வரிசை கிடையாது. புல்வெளி, கரும்பச்சை மரவரிசைகள், அங்கங்கே பழைய கொட்டகை போலச் சாம்பல் நிறத்தில் ஏதோ கட்டடங்கள். அந்தக் கொட்டகைகளில் பல, பத்து லட்சம் டாலருக்கு மேல் விலைபோகும் வீடுகள்.

ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். அமெரிக்கா வருகிற பெற்றோரை எல்லோரும் நயாகராவுக்கும் லாஸ் வேகாஸுக்கும் கூட்டிப்போகும்போது, நான் இவரை ஒரு கட்டடக்கலைச் சரித்திரத்துக்குக் கூட்டிப்போனேன். மனைவிக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான். ஜென்னருக்கும் ஃபோர்ட் ராஸுக்கும் நடுவே சாலை மலைச்சரிவில் கொண்டைஊசி வளைவுகளாக ஏறி இறங்கும். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் நேரே பசிபிக், பல இடங்களில் தடுப்புக்கூட இல்லை. அம்மா முன் சீட்டில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தார். ஃபோர்ட் ராஸ், 1812-இல் ரஷ்யர்கள் கட்டிய மரக்கோட்டை. அங்கே இறங்கிப் புளியோதரையைச் சாப்பிட்ட பிறகுதான் அவருக்குப் பேச்சே வந்தது.

வாடகை வீட்டு வாசலில் நின்று சுவரைத் தடவிப் பார்த்தவர், "ஏன்டா, இவ்ளோ காசு போட்டுக் கட்டிட்டு ஒரு பெயின்ட் அடிக்க மாட்டானா?" என்றார்.

அடிக்கக் கூடாது என்பதுதான் சட்டம். சுவர் முழுக்க மரப்பலகை. புதிதில் செம்பழுப்பாக இருக்கும், உப்புக்காற்றும் வெயிலும் பட்டு வெள்ளிச் சாம்பலாக மாறிவிடும். கிட்டே போய்ப் பார்த்தால் ஆணி அடித்த இடங்களிலிருந்து கறுப்பாக ஒரு கோடு வழிந்திருக்கிறது, வடக்குப் பக்கத்துப் பலகையில் பச்சையும் மஞ்சளுமாகப் பாசி படிந்திருக்கிறது. கூரை ஒரே பக்கமாகச் சரிகிறது, வெளியே நீட்டிக்கொண்டு இறவாரம் கிடையாது. இறவாரம் இருந்தால் காற்று அதைப் பிடித்துக்கொள்ளும்.

இந்த ஊரைப் பற்றிப் படித்தால் கட்டடக் கலைஞர்களின் பெயர்தான் முதலில் வரும். எனக்கு இரண்டு நாள் சுற்றிய பிறகு அந்த வரிசையைக் கொஞ்சம் மாற்றிச் சொல்லத் தோன்றுகிறது.

1963-இல் ஓஷியானிக் பிராப்பர்ட்டீஸ் என்ற நிறுவனம் இந்த ஆட்டுப் பண்ணையை வாங்கியது. ஹவாயின் காசில் அண்ட் குக் நிறுவனத்தின் கிளை அது. டோல் அன்னாசிப்பழ டின் பார்த்திருப்பீர்களே, அதே குடும்பம்தான். வாங்கலாம் என்று சொன்னவர் ஆல் போக், அவரே கட்டடக் கலைஞர், அந்த நிறுவனத்தில் துணைத் தலைவர். மலைக்காட்டை மரவியாபாரிகள் முன்பே மொட்டையடித்திருந்தார்கள், புல்வெளியை ஆடுகள் தேய்த்திருந்தன. ஆக, கன்னி நிலம் ஒன்றுமில்லை. அதற்கெல்லாம் முன்னால் இது கஷாயா போமோ என்ற பூர்வகுடி மக்களின் கரை.

போக், லாரன்ஸ் ஹால்பிரின் என்ற நிலவடிவமைப்பாளரை அழைத்தார். ஹால்பிரின் இளவயதில் ஒரு கிபுட்ஸில், அதாவது யூதக் கூட்டுப்பண்ணைக் குடியிருப்பில், வாழ்ந்தவர். நிலத்தைப் பொதுவில் வைத்துக்கொண்டு சேர்ந்து வாழ்வது என்ற எண்ணம் அங்கிருந்து அவரோடு வந்தது என்பார்கள். அவர் வீட்டுக்கு வரைபடம் போடும் முன் நிலத்தைப் படிக்கச் சொன்னார். ரிச்சர்ட் ரெனால்ட்ஸ் என்ற புவியியலாளர் காற்று, மண், மூடுபனி, வெயில் என்று இந்தக் கரையை ஆராய்ந்தார். இங்கே காற்று வடமேற்கிலிருந்து வருகிறது, கோடையிலும் ஓயாது. அதைச் சமாளிக்க இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பண்ணைக்காரர்கள் கடலுக்குக் குறுக்காக, வரிசை வரிசையாக மான்டரே சைப்ரஸ் மரங்களை நட்டு வைத்திருந்தார்கள்.

அந்த மரவரிசையை நேரில் பார்க்க வேண்டும். காற்றடிக்கும் பக்கத்தில் கிளைகள் தரையோடு தொடங்கிப் படிப்படியாகச் சரிவாக ஏறுகின்றன. அந்தப் பக்கத்தில் நின்றால் தொப்பி பறக்கிறது, கண்ணில் நீர் வருகிறது. ஒரு இருபது அடி நடந்து மரத்துக்கு இந்தப் பக்கம் வந்தால் நெருப்புக்குச்சி அணையாமல் எரிகிறது. காற்று மரத்தை எந்தச் சாய்வில் சீவி வைத்திருக்கிறதோ அந்தச் சாய்விலேயே கூரையை வைத்தால் காற்று வீட்டின் மேலேறிப் போய்விடும், பின்னால் ஒரு முற்றம் அமைதியாகக் கிடைக்கும். சீ ராஞ்ச் கூரை என்று உலகமெங்கும் காப்பியடிக்கிறார்களே, அதன் கதை இவ்வளவுதான். காப்பியடித்த பலர் காற்றே இல்லாத ஊரில் அதைக் கட்டியிருப்பது வேறு விஷயம்.

ஹால்பிரின் இன்னொன்றும் சொன்னார். கடலைப் பார்த்து வரிசையாக வீடு கட்டி மதில் போல அடைக்காதீர்கள், மரவரிசையை ஒட்டிக் கொத்தாகக் கட்டுங்கள், நடுவில் புல்வெளியை எல்லோருக்குமாக விடுங்கள் என்று. மொத்த நிலத்தில் ஏறக்குறையப் பாதி அப்படிப் பொதுநிலமாக ஒதுக்கப்பட்டது.

அப்புறம்தான் கட்டடக் கலைஞர்கள் வருகிறார்கள். சார்ல்ஸ் மூர், டான்லின் லிண்டன், வில்லியம் டர்ன்புல், ரிச்சர்ட் விட்டேக்கர் நால்வரும் சேர்ந்து செய்தது 'காண்டோமினியம் 1' என்ற வீட்டுத் தொகுப்பு. 1965-இல் முடிந்தது, பத்து வீடுகள். ஒவ்வொன்றும் 24 அடிச் சதுரம் என்ற கணக்கில், நிலத்தின் மாதிரியுருவின் மேல் சர்க்கரைக் கட்டிகளை அடுக்கி அடுக்கிப் பார்த்து இடம் முடிவு செய்தார்களாம். பாறை முனையில் நிற்கிற அந்தக் கட்டடத்தைத் தூரத்திலிருந்து பார்த்தால் பாறையே கொஞ்சம் கட்டம் கட்டமாக உடைந்தது போலிருக்கிறது. 1991-இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் சங்கத்தின் 25 ஆண்டு விருது அதற்குக் கிடைத்தது. தனியார் வீடுகள் என்பதால் எட்டி நின்றுதான் பார்த்தோம். நாங்கள் பார்த்தபோது ஒரு ஜன்னலில் யாரோ பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

ஜோசப் எஷெரிக் மரவரிசையின் நிழலில் கட்டிய வீடுகள் எனக்கு இதைவிடப் பிடித்தன. சிலவற்றின் கூரையில் புல்லே வளர்கிறது. விருது வாங்குகிற தோரணை அவற்றில் இல்லை, காற்றுக்குத் தலையைக் குனிந்துகொண்டு இருக்கின்றன.

மூன்ரேக்கர் நீச்சல்குளத்துக்கு வாடகைக்காரர்களும் போகலாம். சுற்றிலும் மண்ணை மேடாகக் குவித்துக் குளத்தைப் பள்ளத்தில் வைத்திருக்கிறார்கள், காற்று தலைக்கு மேலே போகிறது. உடைமாற்றும் அறைக்குள் போனால் வெளியே இருந்த சாம்பல் நிறத்துக்கெல்லாம் வட்டியும் முதலுமாகச் சிவப்பும் நீலமும் கறுப்பும். சுவரை மீறிக் கூரைவரை ஓடுகிற பட்டைகள், அம்புகள். பார்பரா ஸ்டாஃபாக்கர் சாலமன் செய்தது. சுவிட்சர்லாந்தின் பாசலில் வரைகலை வடிவமைப்பு படித்தவர், 2024-இல்தான் காலமானார். ஆட்டுக்கொம்பும் அலையும் சேர்ந்த சீ ராஞ்ச் சின்னமும் அவருடையதே. "பெயின்ட் எல்லாத்தையும் இங்கயே அடிச்சுட்டாங்க போலிருக்கு அத்தை" என்றாள் மனைவி.

சரி, இதுவரை சொன்னது புகழ்ப் புராணம். இனி இரண்டு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். படங்களில் அதிகம் தென்படாதவர்கள்.

ஒருவர் ரெவர்டி ஜான்சன், வழக்கறிஞர். அழகான மாதிரி வீடுகள் கட்டிவிடலாம், அடுத்து மனை வாங்குகிறவர் ரோஜாத் தோட்டமும் வெள்ளை வேலியும் போட்டால் என்ன செய்வது? அதற்கான கட்டுப்பாடுகளைக் கிரயத்தோடு சேர்த்தே எழுதிவைத்தார்கள். ஒவ்வொரு வீட்டின் வரைபடமும் வடிவமைப்புக் குழுவின் ஒப்புதல் வாங்க வேண்டும். வெளியே இந்த மண்ணின் செடிகள்தான், ஆசைப்பட்ட பூச்செடியெல்லாம் மறைப்பு முற்றத்துக்குள். விளக்கின் பல்பு வெளியே தெரியக் கூடாது. காரை மறைத்து நிறுத்த வேண்டும். ராத்திரி கும்மிருட்டு. அம்மா எங்கள் கிராமத்துக்கு மின்சாரம் வராத காலத்தில் பார்த்த அளவுக்கு நட்சத்திரம் பார்த்ததாகச் சொன்னார். இத்தனைக்கும் காரணம் ஒரு பத்திரம்.

இன்னொருவர் இந்தக் குழுவிலேயே இல்லாதவர், எதிர்த்தவர். பில் கார்ட்டம், பெட்டலூமா பக்கத்துக் கால்நடை மருத்துவர். பாதி நிலம் பொது என்று சொன்னேனே, அது மனை வாங்கியவர்களுக்குப் பொது. பத்து மைல் கடற்கரை, வெளியாளுக்கு இறங்க வழியில்லை. கார்ட்டமும் நண்பர்களும் கடலோர உரிமைக்கு ஓர் அமைப்பு தொடங்கி 1968-இல் சொனோமா கவுண்ட்டியில் வாக்கெடுப்பு வரை போனார்கள். தோற்றார்கள். ஆனால் அந்தத் தோல்வியின் தொடர்ச்சிதான் 1972-இல் மாநிலம் முழுக்க நடந்த 20-ஆம் எண் வாக்கெடுப்பு. அதில் வென்று, கரையோரக் கட்டுமானத்துக்கு அனுமதி தருகிற கடலோர ஆணையம் வந்தது. ஆணையம் வந்ததும் சீ ராஞ்சில் கட்டுமானம் பல ஆண்டுகள் ஏறக்குறைய முடங்கியது. பொதுவழி கொடு, நெடுஞ்சாலையிலிருந்து கடல் தெரிகிற மாதிரி மரத்தை வெட்டு, கழிவுநீருக்குக் கணக்குக் காட்டு என்று ஆணையம் கேட்டது. 1980-இல் பேன் மசோதா என்ற சட்டத்தில் சமரசமாயிற்று. 5,200 வீடு என்று தொடங்கிய திட்டம் பாதிக்கும் கீழே சுருங்கியது. பொதுப்பாதைகள் திறந்தன.

வீட்டுக்காரர்களிடம் இந்தக் கதைக்கு இன்னும் கசப்பு உண்டு. ஆனால் அந்தத் தடை வந்திராவிட்டால் இன்று நாம் போய் ரசிக்கிற வெற்றிடங்களில் வீடு நின்றிருக்கும் என்பது என் கட்சி. நடுவில் சில ஆண்டுகள் கட்டிய பகுதிகளைப் பாருங்கள். சாம்பல் பலகைதான், சரிந்த கூரைதான், ஆனால் தெருவுக்குத் தெரு தனித்தனி மனை. ஹால்பிரினே கொத்துவீட்டு யோசனை கைவிடப்பட்டதற்கு வருந்தியிருக்கிறார். இன்னொன்றும் உறுத்தியது. பெரும்பாலானவை வாரக்கடைசி வீடுகள். மூன்று மணி நேரம் பெட்ரோல் எரித்து வந்து இயற்கையோடு இசைந்து வாழ்ந்துவிட்டு, திரும்ப மூன்று மணி நேரம் எரித்துக்கொண்டு போகிறோம். நாங்களும்தான்.

அம்மாவுக்குப் பிடித்த இடம் நான் பட்டியலில் கடைசியாகப் போட்டது. சாலையோரம் ஒரு சிறு தேவாலயம், 1985-இல் ஜேம்ஸ் ஹபல் என்ற சிற்பி வடித்தது. கல்லால் சுவர், பறவை இறக்கையை மடித்தது போல வளைந்த மரக்கூரை, உள்ளே வண்ணக்கண்ணாடி. எந்த மதத்துக்கும் உரியதல்ல, பூட்டும் இல்லை. "எந்த சாமி இது?" என்றார் அம்மா. எதுவும் இல்லை என்றேன். "அப்ப நல்லதாப் போச்சு" என்று செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, கந்த சஷ்டி கவசத்தை முழுசாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுந்தார். நடுவில் உள்ளே வந்த ஒரு வெள்ளைக்கார ஜோடி சத்தமில்லாமல் ஓரமாக உட்கார்ந்துகொண்டது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். வீடு எடுக்காமலும் ஒரு நாள் பயணமாகப் பார்க்கலாம். கவுண்ட்டி பராமரிக்கிற வாக்-ஆன், ஷெல், ஸ்டெங்கல், பெபிள், பிளாக் பாயின்ட் ஆகிய இடங்களில் காரை நிறுத்திக் கட்டணம் கட்டிவிட்டு இறங்கலாம். வாக்-ஆனிலிருந்து குவாலாலா பாயின்ட் பூங்கா வரை பாறை விளிம்போடு ஒரு நல்ல நடை இருக்கிறது. மார்ச் முதல் சீல்கள் குட்டி போடுகிற காலம், தொலைநோக்கியோடு தன்னார்வலர்கள் நிற்பார்கள், காட்டுவார்கள். புல்லை மேய்க்க ஆட்டுமந்தை விட்டிருந்தால் அதன் மின்வேலியைக் குழந்தைகள் தொட வேண்டாம். காட்டுத்தீக்கு எரிபொருளாகிவிடாமல் இருக்க, பழைய பண்ணை ஆடுகளின் வேலையை இப்போது இந்த மந்தை செய்கிறது. கைப்பேசி சிக்னலை நம்ப வேண்டாம்.

திரும்பும் வழியில் ஜென்னருக்குத் தெற்கே கார்ட்டம் பாதையில் நடந்தோம். அந்தக் கால்நடை மருத்துவரின் பெயரில் மாநிலப் பூங்காவுக்குள் ஓடுகிற பாதை. பாதையோரத்துப் பெரிய பாறைகள் சில இடங்களில் மட்டும் கண்ணாடி போல வழுவழுவென்று இருக்கின்றன. பனியுக மாமூத் யானைகள் உடம்பைத் தேய்த்த இடம் என்று ஒரு தொல்லியலாளர் கருதுகிறார். "யானை தேய்ச்சிருந்தா இன்னும் மேல இருக்கணுமே" என்று அம்மா கையை உயர்த்தி அளந்து பார்த்தார். வழுவழுப்பு அவர் கைக்கு எட்டாத உயரத்திலும் இருந்தது. கீழே ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் வரிசையாகப் பாறையில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது.