ஆபரேஷன் சரி, டிஸ்சார்ஜ்தான் வலி: அப்பாவின் முதுகெலும்பு அறுவை

அப்பாவுக்கு இடுப்புப் பகுதியில் இரண்டு முள்ளெலும்புகளை ஸ்குரூ போட்டு இணைத்தார்கள். பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் ஒரு தனியார் மருத்துவமனை. ஆபரேஷனில் ஒரு குறையும் இல்லை.

முதல் இரண்டு நாள் வலிக்கு பி.சி.ஏ. பம்ப். நோயாளி பொத்தானை அமுக்கினால் மார்ஃபின் ஏறும். வழக்கமாக ஒரு அமுக்கலுக்கு 1 மில்லிகிராம். அடுத்த 5 நிமிடத்துக்கு எத்தனை முறை அமுக்கினாலும் ஏறாது. "பழகிப் போயிடும்" என்று அப்பா அதைத் தொடவே இல்லை. ஃபிசியோ வந்தபோது வலி பத்துக்கு எட்டு. காலைக் கீழே விட முடியவில்லை, அவர் திரும்பிப் போய்விட்டார். மறுநாள் அவர் வரும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே அப்பாவை அமுக்கச் சொன்னோம். வார்டு வாசல்வரை நடந்தார்! ஆனால் பொத்தானை நாம் அமுக்கவே கூடாது. மருந்து கூடினால் தூக்கம் வரும், அமுக்கும் கை தானாக நின்றுவிடும், அதுதான் பாதுகாப்பு. தூங்குகிறவருக்குப் பாசத்தில் நாம் அமுக்கினால் மூச்சு அடங்கிப்போகலாம்.

நான்காம் நாள் காலை 10 மணிக்கு, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். பில்லை நாங்கள் கட்டுகிறோம் என்று இன்சூரன்ஸ் தரும் இறுதி உத்தரவாதக் கடிதம், அதாவது ஜி.எல்., வரவில்லை. கட்டில் வேண்டுமென்று அப்பாவை லாபி நாற்காலிக்கு மாற்றினார்கள். மதியம் 2 மணி மாத்திரையைக் கேட்டால், "சிஸ்டத்தில் டிஸ்சார்ஜ் ஆகிவிட்டார், பார்மசியில் கேளுங்கள்" என்றது வார்டு. "பில் முடியாமல் மருந்து இல்லை" என்றது பார்மசி. ஜி.எல். வந்தது நாலரைக்கு. அரை மணிக்கு மேல் தொடர்ந்து உட்காராதீர்கள் என்று அவர்களே அச்சடித்துக் கொடுத்த தாள் அப்பாவின் மடியில் கிடந்தது. பிறகு பினாங்குப் பாலம். 13.5 கிலோமீட்டர், டயர் 'டக்' என்ற ஒவ்வொரு இணைப்புக்கும் அப்பா பல்லைக் கடித்தார். அக்கரையில் பட்டர்வொர்த் வீட்டுக்கு வந்தும், கைவிட்டுப்போன வலியைத் திரும்பப் பிடிக்க மறுநாள் மதியமானது.

ஆகவே, ஜி.எல். கையில் வரும்வரை கட்டிலை விடாதீர்கள். அன்றைய மதிய மருந்தைக் காலையிலேயே தாதியிடம் கேட்டு வாங்கி வையுங்கள். காரில் முன் சீட்டை நன்றாகச் சாய்த்துவிடுங்கள்.

வீட்டில் வலி வரட்டும் என்று பார்க்காமல் கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். பாரசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, 6 மணிக்கொரு தரம், நாளுக்கு எட்டுக்கு மேல் கூடாது. ஈரல் கோளாறு, எடை 50 கிலோவுக்குக் கீழ் என்றால் இன்னும் குறைவு, டாக்டரைக் கேளுங்கள். சளி மாத்திரை பலவற்றிலும் இதே மருந்து ஒளிந்திருக்கும். டிராமடால் என்ற வலி மாத்திரை மலத்தைக் கட்டும். மலம் இளக்கும் லாக்டுலோஸ் எழுதித் தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். பப்பாளியை நம்பி மூன்று நாள் பட்டோம். குந்தும் கழிவறை என்றால் கமோட் நாற்காலியை முன்பே வாங்கிவிடுங்கள். எழும்போது முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாகப் புரண்டு, காலைக் கீழே விட்டு, முழங்கையை ஊன்றி எழ வேண்டும்.

தொடையிடுக்கு, ஆசனவாய்ப் பக்கம் மரத்தாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ, காலில் புதிதாகப் பலம் குறைந்தாலோ அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள், உடனே அவசரப் பிரிவுதான்.

ஐந்தாம் நாள் ஒரு மாமா தைல பாட்டிலோடு நீவிவிட வந்தார். டீ கொடுத்து அனுப்பினோம்.