அன்று நான் சொன்ன 'சரி'

மார்ச் 4

இரண்டு நாளாக எழுதாமல் தள்ளிப்போட்டேன். முந்தாநாள் இரவு அவள் என்னோடு தங்கினாள். மூன்று வாரப் பழக்கம். காதல், கல்யாணம் என்ற பேச்சே வேண்டாம், பிடித்திருந்தால் சேர்ந்திருப்போம் என்று முதலிலேயே பேசிவைத்திருந்தோம். இருவருமே குடித்திருக்கவில்லை. ஆணுறை இருந்தது. "உனக்கு ஓகேதானே?" என்று அவள் கேட்டாள், "சரி" என்றேன்.

விடியும் முன்பே அவள் எழுந்து கிளம்பினாள். நான் விழித்துக்கொண்டேதான் இருந்தேன், ஆனால் தூங்குவதுபோல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் கண்ணைத் திறந்தேன்.

'வந்து சேர்ந்துட்டேன், நீ எப்படி இருக்கே?' என்று செய்தி அனுப்பியிருந்தாள். இன்னும் பதில் போடவில்லை.

மார்ச் 5

அறைத்தோழனிடம் சொன்னேன். முதுகில் தட்டி "கலக்கிட்டடா" என்றான். அதற்குமேல் என்ன சொல்வது? இதே விஷயம் வெளியே தெரிந்தால் அவள் பெயரைக் கெடுப்பார்கள், எனக்குக் கைதட்டுவார்கள். அந்த அநியாயம் எனக்குத் தெரியும். ஆனால் கைதட்டலுக்கு நடுவே நின்றுகொண்டு "எனக்கு மனசு சரியில்லை" என்று சொல்லவும் வாய் வரவில்லை.

மார்ச் 9

தூக்கம் வராமல் படித்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 1978லும் 1982லும் ஒரு சோதனை நடந்திருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவர் நேரே வந்து "இன்று இரவு என்னோடு இருக்க விருப்பமா?" என்று கேட்பார். மாணவர்களில் பத்துக்கு ஏழு பேர் சரி என்றார்களாம். மாணவிகளில் ஒருவர்கூட இல்லை. கிளார்க், ஹாட்ஃபீல்டு என்ற இருவர் 1989ல் அதை வெளியிட்டார்கள். 'ஆம்பளைன்னா அப்படித்தான்' என்பதற்கு அன்றிலிருந்து இதைத்தான் காட்டுகிறார்கள்.

2011ல் டெர்ரி கான்லி என்ற உளவியலாளர் இதை மறுபடி கிளறிப் பார்த்தார். பெண்கள் மறுப்பதற்கு ஆசையின்மை காரணமல்ல. இவனால் தனக்கு என்ன சுகம் கிடைத்துவிடும் என்ற கணக்குதான் பெரும்பங்கு என்கிறார்.

எனக்கோ அந்த ஏழு பேர் மேல்தான் நினைவு. அவர்களில் எத்தனை பேர் நிஜமாகவே விரும்பிச் சொன்னார்கள், எத்தனை பேர் மாட்டேன் என்று சொல்லக் கூச்சப்பட்டுச் சொன்னார்கள்?

ஏனென்றால் நான் கூச்சப்பட்டுத்தான் சொன்னேன். எழுதிவிட்டேன். அவளைப் பிடிக்கும். ஆனால் அன்று இரவு அது வேண்டும்போல் இல்லை. இன்னும் கொஞ்ச நாள் பேசிப் பழக வேண்டும் என்றிருந்தது. அதைச் சொன்னால் ஆண்தானா என்று நினைப்பாளோ என்று பயந்தேன்.

மார்ச் 10

இன்னொன்று. 2003ல் லாம்பர்ட்டும் அவரோடு வேலை செய்தவர்களும் கல்லூரி மாணவர்களிடம் கேட்டிருக்கிறார்கள்: காதல், கல்யாணம் என்ற பேச்சில்லாமல் இப்படிச் சேர்வது உனக்கு எவ்வளவு இயல்பாக இருக்கிறது, மற்றவர்களுக்கு எவ்வளவு இயல்பாக இருக்கும் என்று நினைக்கிறாய்? ஆணோ பெண்ணோ, தன்னைவிட மற்றவர்களுக்குத்தான் தயக்கம் குறைவு என்றே நினைத்தார்கள். எல்லோருமே அப்படி நினைத்தால் கணக்கு எப்படிச் சரியாகும்? அறைத்தோழன் முதுகில் தட்டியபோது அவன் முகத்தைக் கவனித்திருக்கலாம் என்று தோன்றியது.

மார்ச் 16

பள்ளித்தோழியோடு இரண்டு மணிநேரம் போனில் பேசினேன். அவள் இரண்டு வருடமாகக் கமிட் ஆகாமல்தான் இருக்கிறாள், சந்தோஷமாகவும் இருக்கிறாள். வாய்ப்பேச்சு அல்ல, சிறுவயதிலிருந்தே எனக்கு அவளைத் தெரியும். "எனக்கு வேணும்னா போறேன், வேணாம்னா வேணாம்னு சொல்றேன். அவ்வளவுதான்டா" என்றாள்.

ஸானா வ்ராங்கலோவா என்பவர் 2015ல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் சொல்கிறது. மாணவர்களை ஒரு கல்வியாண்டு முழுக்கத் தொடர்ந்து பார்த்திருக்கிறார். தன் விருப்பத்தால் போனவர்களின் மனநிலைக்குக் கேடு வரவில்லை. அடுத்தவருக்காக, போதையில், அல்லது தன்னைப் பற்றி நல்லதாக உணர வேண்டும் என்பதற்காகப் போனவர்களிடம்தான் சோர்வும் பதற்றமும் அதிகம், தன்மதிப்பு குறைவு. இந்த உறவே நல்லதா கெட்டதா என்று இத்தனை நாள் எனக்குள் வாதாடிக்கொண்டிருந்தேன். கேட்க வேண்டிய கேள்வி அதுவாக இருக்கவில்லை.

போனை வைக்கும் முன் தோழி கேட்டாள்: "சரி, அவளுக்கு எப்படி இருந்துச்சுன்னு கேட்டியா?"

கேட்கவில்லை. பதிமூன்று நாளாக என் மனசை மட்டுமே தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்புறம் தேடினேன். அமெரிக்காவில் 21 கல்லூரிகளின் மாணவிகளிடம் எடுத்த கணக்கு, 2012ல் வந்தது. ஒருவரோடு முதல்முறை இப்படிச் சேரும்போது உச்சத்தை அடைந்த பெண்கள் நூறுக்குப் பதினொரு பேர். ஆறு மாதத்துக்கு மேலான உறவில் இருந்தவர்களிலோ மூன்றில் இரண்டு பங்கு. என் பயத்தோடு போராடிக்கொண்டிருந்த நான் பக்கத்தில் இருந்தவளை எங்கே கவனித்தேன்?

மார்ச் 18

'பதில் போடாதது தப்பு. மன்னிச்சிடு. பேசலாமா?' என்று அனுப்பினேன். ஒரு மணிநேரம் கழித்து 'சரி' என்று வந்தது.

மார்ச் 20

சந்தித்தோம். எல்லாவற்றையும் சொன்னேன், தூங்குவதுபோல் நடித்ததையும். அவளும் அப்படியே தவித்திருப்பாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. இல்லை. அவளுக்கு அந்த இரவு பிடித்திருந்தது, வருத்தமும் இல்லை. பதில் வராத நாட்கள்தான் கஷ்டமாக இருந்தன என்றாள்.

பிறகு வெகுநேரம் பேசவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது. "நான் கேட்டேன்ல? உனக்கு ஓகேவான்னு கேட்டேன். நீ வேணாம்னு நினைச்சேன்னு தெரிஞ்சிருந்தா உன்னைத் தொட்டிருக்கவே மாட்டேன். இப்ப அந்த ராத்திரியை நான் எப்படி நினைச்சுப் பார்க்கிறது?"

என் பொய் என்னோடு முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். விரும்பாத ஒருவனோடு இருந்துவிட்டோம் என்ற பாரத்தை அவள் தலையில் ஏற்றியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் ஏற்றுக்கொண்டாளா என்று கேட்கவில்லை. பிரியும்போது, "இனிமே என்கிட்ட மாட்டேன்னு சொல்லு, நான் தாங்குவேன்" என்றாள்.

மார்ச் 25

இருவருமே பால்வினைத் தொற்றுப் பரிசோதனைக்குப் போவது என்று முடிவு செய்து, போய்வந்தோம். கிளமிடியா போன்ற தொற்றுகள் பெரும்பாலும் அறிகுறியே காட்டுவதில்லை. தோல் உரசலிலேயே பரவும் ஹெர்பிஸ், எச்பிவி போன்ற வைரஸ்களை ஆணுறை முழுதாகத் தடுப்பதும் இல்லை. எச்ஐவி தொற்று உடலில் புகுந்தாலும் ரத்தப் பரிசோதனையில் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்பதால், ஏப்ரல் நடுவில் இன்னொரு முறை வரச் சொன்னார்கள். மருத்துவர் முகம் சுளிக்காமல் பேசினார். எச்பிவி தடுப்பூசி ஆண்களும் போடலாம் என்றார், முதல் ஊசியை அங்கேயே போட்டுக்கொண்டேன்.

நாளை மறுநாள் முடிவு வரும். வந்ததும் முதலில் அவளுக்கு அனுப்ப வேண்டும்.