மெயின் லைன் ரயிலில் மாயவரம்

டிசம்பர் 5, நள்ளிரவு, எழும்பூர்

நாளைக் காலை மாயவரத்தில் அக்கா மகளுக்கு வளைகாப்பு. பத்து மணி ரயில் முதலில் நாற்பது நிமிடம் தாமதம் என்றார்கள். அது கழிந்ததும் ஒன்றரை மணி நேரம். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்ற குரல் எழும்போதெல்லாம் நடைமேடையில் பேச்சு நின்றுவிடுகிறது. சாயங்காலம் இங்கே வந்து சேர வேண்டிய அதே பெட்டிகள்தான் இரவு திரும்பிப் போகும். அவை இன்னும் செங்கல்பட்டையே தாண்டவில்லை. இது அந்தி நேரத்திலேயே தெரிந்த விஷயம்தானே? அப்போதே சொல்லியிருந்தால், எதிரே கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் பெண் வீட்டிலேயே பிள்ளையைத் தூங்க வைத்திருப்பாள். தாமதத்தைத் தவணை முறையில் சொல்வது பெரிய கொடுமை.

ஏறும் நிலையத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், பயணத்தை விட்டுவிட்டு முழுக் கட்டணத்தையும் திரும்பக் கேட்கலாம். ரயில் கிளம்புவதற்குள் விண்ணப்பிக்க வேண்டும். இதைச் சொன்னதும் பக்கத்துப் பெரியவர், "ரெண்டே முக்கால் மணி நேரத்துல கிளப்பிடுவாங்க, பாருங்க" என்றார். 12.50-க்குக் கிளம்பியது. பெட்டியில் அவருக்குக் கைதட்டல்!

டிசம்பர் 6

விழுப்புரம் தாண்டினால் தஞ்சாவூர் பக்கம் போகும் மெயின் லைன் ஒற்றைப் பாதை. 2010-ல் அகலப் பாதையானது, பிறகு மின்சாரமும் வந்தது, இரண்டாவது தண்டவாளம் மட்டும் வரவில்லை. விருத்தாசலம் வழியாகத் திருச்சி போகும் கார்டு லைனில் இரண்டு பாதை உண்டு. இங்கே எதிர் ரயில் வந்தால் ஒன்று நிலையத்தில் லூப் லைன் என்ற பக்கத் தண்டவாளத்தில் ஒதுங்கத்தான் வேண்டும், அதுதான் கிராசிங். நேரத்துக்கு வருகிற ரயிலை நிறுத்த மாட்டார்கள். அதனால் ஒருமுறை பிந்திய ரயில் கிராசிங்குக்குக் கிராசிங் இன்னும் பிந்துகிறது.

விடிகாலையில் மேல் படுக்கைக்காரர் போனில், "சிதம்பரம் தாண்டியாச்சும்மா" என்றார். கீழே இருந்த பாட்டி கையை நீட்டிப் போனை வாங்கி, "கடலூரே வரலடி பொண்ணே, நீ நிம்மதியாத் தூங்கு" என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பெட்டியே சிரித்தது, மேல் படுக்கைக்காரரும் சேர்ந்து சிரித்தார். அதன்பின் பாட்டியின் முறுக்கு டப்பா எல்லோருக்கும் பொதுவானது.

போய்ச் சேர்வதற்குள் நல்ல நேரம் முடிந்து, வளையல் அடுக்கியாகிவிட்டது. அக்கா ஒன்றும் சொல்லாமல் புளியோதரை வைத்தாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

டிசம்பர் 8

திரும்பும்போதும் வழியெல்லாம் தாமதம். ஆனால் எழும்பூருக்குச் சரியான நேரத்தில் வந்துவிட்டோம். கால அட்டவணையில் கடைசித் துண்டுக்கு மட்டும் தாராளமாக நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். கணக்கில் இது தாமதமில்லாத ரயில். சிதம்பரத்தில் மழையில் நின்று ஏறியவர்களின் ஒரு மணி நேரம் எந்தக் கணக்கில் வரும்? அந்த நிமிடங்களை வழி நெடுகப் பிரித்துப் போடட்டும். இரண்டாவது பாதை வரும்வரை அதையாவது செய்யலாம்.

அக்காவுக்குப் போன் செய்தேன். குழந்தை பிறந்ததும் பார்க்க வருகிறேன், இந்த முறை ஒருநாள் முன்னதாகவே என்றேன். "ரெண்டு நாள்" என்றாள்.