திரும்பும் விமானத்திலிருந்து தொடங்குங்கள்: வெளிநாட்டு ஸ்கூபா பயணத்துக்கு ஒரு திட்டம்

வெளிநாட்டு டைவிங் பயணத்துக்குத் திட்டம் போடும்போது முதலில் குறித்துக்கொள்ள வேண்டியது திரும்பும் விமானத்தின் நேரம். ஆழத்தில் சுவாசித்த நைட்ரஜன் உடலில் கரைந்து கிடக்கும்; அது வெளியேற மணிக்கணக்காகும். விமானத்துக்குள் காற்றழுத்தம் 2,400 மீட்டர் உயர மலையில் இருக்கும் அளவுக்குக் குறையலாம். மிச்ச நைட்ரஜனோடு ஏறினால், மூடி திறந்த சோடா பாட்டில் கதைதான்: அது உடலுக்குள் குமிழியாகி நோயாக மாறும். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல நாள் பல டைவ் என்றால் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வழிகாட்டுதல். 24 மணி நேரம் வைத்துக்கொண்டால் கணக்கே எளிது. ஞாயிறு காலை 9 மணிக்கு விமானம் என்றால், சனிக்கிழமை காலை டைவ் ஒத்துவராது. வெள்ளி மாலையோடு முடித்துவிடுங்கள். சனிக்கிழமை உப்புநீர் போக அலசி, எல்லாவற்றையும் காயப்போடலாம். அன்று மலைப்பாதையில் சுற்றக் கிளம்பாதீர்கள். 600 மீட்டருக்கு மேல் ஏறினாலும் இதே விதிதான்.

அடுத்தது மருத்துவப் படிவம். டைவ் சென்டரில் தரும் கேள்வித்தாளில் ஆஸ்துமா, இதயம், காது, சமீபத்திய அறுவைச் சிகிச்சை என்று வரிசையாக இருக்கும். சில கேள்விகளுக்கு ‘ஆம்’ என்றாலே மருத்துவர் கையெழுத்து கேட்பார்கள். தீவில் இறங்கிய பிறகு மருத்துவரைத் தேடுவது வீண் அலைச்சல். ‘இல்லை’ என்று பொய் எழுதுவது அதைவிட மோசம். ஊரிலேயே படிவத்தை அச்செடுத்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். மலேரியா உள்ள இடத்துக்குப் போகிறீர்கள் என்றால், டைவ் செய்யப் போவதை மருத்துவரிடம் சொல்லுங்கள். மெஃப்ளோகுயின் மாத்திரையின் தலைச்சுற்றலையும் இந்த நைட்ரஜன் குமிழி நோயின் அறிகுறியையும் பிரித்தறிவது கடினம்.

சாதாரணப் பயணக் காப்பீடு போதும் என்று நினைப்பவர்கள் பாலிசியின் விலக்குப் பகுதியைப் படித்துப் பாருங்கள். சிலவற்றில் டைவிங்கே இல்லை, சிலவற்றில் குறிப்பிட்ட ஆழம் வரைதான். அழுத்த அறைச் சிகிச்சை (நைட்ரஜன் குமிழி நோய்க்குக் காற்றழுத்தம் கூட்டிய அறையில் வைத்துத் தருவது), அங்கே கொண்டுபோகும் விமானம் இரண்டும் எழுத்தில் இருக்க வேண்டும். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் போன்ற டைவர் அமைப்புகள் தரும் காப்பீடு இதற்கென்றே உள்ளது. அருகிலுள்ள அழுத்த அறை எங்கே, படகில் ஆக்சிஜன் உண்டா என்று முன்பதிவுக்கு முன்பே கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

இடத்தை விளம்பரப் படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். தாய்லாந்தின் சிமிலான் தீவுகள் மே மத்தியிலிருந்து அக்டோபர் மத்தி வரை மூடப்பட்டிருக்கும். மாலத்தீவில் பொழுதுபோக்கு டைவின் எல்லை 30 மீட்டர். ஓபன் வாட்டர் என்ற தொடக்கநிலைச் சான்றிதழோடு போகிறவருக்கு அதுவும் இல்லை, 18 மீட்டர்தான். நீரோட்டம் பலமான இடங்களில் 50 டைவ் பதிவு கேட்கும் படகுகள் உண்டு. அந்த நிபந்தனை உங்களைக் காப்பாற்றத்தான். லாக் புத்தகத்தில் எண்ணைக் கூட்டி எழுதாதீர்கள்.

எல்லாவற்றையும் சுமந்து போக வேண்டியதில்லை. மாஸ்க், டைவ் கம்ப்யூட்டர் (ஆழத்தையும் நேரத்தையும் வைத்து நைட்ரஜனைக் கணக்கிடும் கருவி), மேலே வரும்போது விடும் மிதவை, விசில் இவை சொந்தமாக இருக்கட்டும். கம்ப்யூட்டர் பேட்டரியைப் புறப்படும் முன் மாற்றிவிடுங்கள். நடுவில் செத்தால் உடலில் உள்ள நைட்ரஜன் கணக்கும் போய்விடும், ஒரு நாள் கரையில்தான் உட்கார வேண்டும். உதிரி லித்தியம் பேட்டரிகளின் முனைகளை டேப் ஒட்டிக் கைப்பையில் வையுங்கள். கத்தி மட்டும் செக்-இன் பெட்டியில்.

முதல் டைவ் ஆழமில்லாத இடத்தில், மூழ்குவதற்காகக் கட்டும் ஈய எடை சரியா என்று பார்ப்பதற்காகவே இருக்கட்டும். நன்னீர்க் குளத்தில் பழகிய எடை கடலில் போதாது. காற்று நிரப்பி மிதக்க உதவும் ஜாக்கெட்டின் காற்றை முழுக்க விட்டு, சாதாரணமாக மூச்சைப் பிடித்தால் தண்ணீர் கண்மட்டத்தில் நிற்க வேண்டும், மூச்சை விட்டால் மெல்லத் தாழ வேண்டும். அலுமினிய சிலிண்டர் நிறைந்திருந்தால் இதோடு சுமார் 2 கிலோ கூட்டுங்கள், ஏனென்றால் காற்று தீரத் தீர அது மிதக்கப் பார்க்கும். படகிலிருந்து குதிக்கும் முன் சிலிண்டரின் காற்று அளவுமானியைப் பார்த்தபடியே நான்கு நீண்ட மூச்சு இழுங்கள். மூச்சுக்கு மூச்சு முள் ஆடினால் சிலிண்டர் வால்வு முழுதாகத் திறக்கவில்லை. மேற்பரப்பில் ஒன்றும் தெரியாது, 20 மீட்டரில் மூச்சு முட்டும். நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூட்டிய காற்று) எடுத்தால் ஆக்சிஜன் அளவை நீங்களே அளந்து பாருங்கள். 32 சதவீதத்துக்கு ஆழ எல்லை சுமார் 33 மீட்டர்.

பல நாள் தங்கும் படகில் ஏறியதும் அறையைவிட முக்கியம் வெளியேறும் வழி. 2019 செப்டம்பர் 2 அன்று கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் தீவருகே கன்செப்ஷன் படகு எரிந்தபோது கீழ்த்தளத்தில் தூங்கிய 34 பேர் இறந்தனர். இரண்டு வழிகளும் தீப்பிடித்த ஒரே கூடத்துக்குத்தான் போயின. இரவுக் காவலும் இல்லை. எனவே இரண்டாவது வழி எங்கே திறக்கிறது என்று நீங்களே ஒரு தடவை ஏறிப் பாருங்கள். இரவில் யார் விழித்திருப்பார்கள் என்று கேளுங்கள். பேட்டரிகளைத் தூங்கும்போது சார்ஜில் போடாதீர்கள்.

டைவ் முடிந்த பிறகு தோள் மூட்டில் வலி, விரலில் மதமதப்பு, தாங்க முடியாத அசதி என்றால் ‘பெட்டி தூக்கியதால்’ என்று தள்ளிவிடாதீர்கள். 100 சதவீத ஆக்சிஜன் கேட்டு வாங்குங்கள், காப்பீட்டின் அவசர எண்ணை அழையுங்கள், விமானத்தைத் தள்ளிப்போடுங்கள். அழுத்த அறைக்குப் போகும்போது டைவ் கம்ப்யூட்டரையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்பதுதான் மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று.