பால்கனி அறிக்கை வரும்வரை

3 மார்ச் 2025, ஃபிரீமான்ட், கலிஃபோர்னியா

நாங்கள் சொன்ன விலைக்கு விற்பவர் இன்று மாலை சம்மதித்துவிட்டார். காண்டோ எனப்படும் அடுக்குமாடி வீடு. மூன்றாம் தளம், இரண்டு படுக்கையறை, கிழக்கே குன்றுகளைப் பார்த்த பால்கனி. வீட்டு உரிமையாளர் சங்கத்துக்கான எச்.ஓ.ஏ. கட்டணம் மாதம் 585 டாலர்.

4 மார்ச்

கடன் தருபவர்கள் அந்த 585 டாலரையும் மாதத் தவணையோடு சேர்த்தே எங்கள் தகுதியைக் கணக்கிடுகிறார்கள். 6.75 சதவீத வட்டியில் முப்பது ஆண்டுக் கடன் என்றால், அதே பணம் ஏறத்தாழ 90,000 டாலர் அசலுக்குரிய தவணையாகும். தவணைக்காவது முப்பது ஆண்டில் முடிவு உண்டு. இதற்கு முடிவே இல்லை, ஆண்டுதோறும் ஏறவும் செய்யும். நாமே குடியிருக்கும் வீட்டுக்குச் செலுத்தும் இந்தக் கட்டணத்துக்கு வருமான வரியில் கழிவும் கிடையாது.

6 மார்ச்

சங்கத்தின் ஆவணங்கள் வந்தன. கலிஃபோர்னியாவின் டேவிஸ்-ஸ்டெர்லிங் சட்டப்படி விதிமுறைகள், வரவு செலவுத் திட்டம், பெரிய பழுதுகளுக்காகச் சங்கம் சேர்த்து வைக்கும் இருப்பு நிதி பற்றிய அறிக்கை ஆகியவற்றை விற்பவர் கொடுத்தாக வேண்டும்; ஆனால் கடந்த பன்னிரண்டு மாதங்களின் நிர்வாகக் குழுக் கூட்டக் குறிப்புகளை வாங்குபவர் கேட்டால்தான் கொடுப்பார்கள். கேட்டு எழுதியிருக்கிறேன்.

7 மார்ச்

இருக்க வேண்டிய இருப்பு நிதியில் 31 சதவீதம்தான் இருக்கிறது.

8 மார்ச், சனி

காலையிலிருந்து இந்த ஓர் எண்ணோடுதான் உட்கார்ந்திருக்கிறேன். கூரை, சாயம், குழாய்கள், லிஃப்ட், வாகன நிறுத்துமிடத்தின் தார் என்று ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஆண்டு ஆயுள் மீதம் இருக்கிறது, மாற்ற எவ்வளவு ஆகும் என்று கணக்கிட்டு, அறிக்கை தயாரான தேதியில் சங்கத்தின் கையில் 24 லட்சம் டாலர் இருந்திருக்க வேண்டும் என்கிறது அறிக்கை. இருந்ததோ ஏழரை லட்சத்துக்கும் குறைவு. எழுபது சதவீதத்துக்கு மேல் இருந்தால் நல்ல நிலை, முப்பதுக்குக் கீழே போனால் பலவீனம் என்பதே இத்துறையில் வழக்கமான அளவுகோல். நாங்கள் அந்த விளிம்பில் நிற்கும் கட்டடத்தில் வீடு வாங்கப் போகிறோம். 92 வீடுகளுக்கும் பற்றாக்குறையைப் பங்கிட்டால் வீட்டுக்குப் பதினெட்டாயிரம் டாலர் வருகிறது. விற்பனை விலையில் இத்தொகை எங்குமே தெரியவில்லை, ஆனால் சாவியோடு சேர்ந்து எங்கள் கைக்கு வந்துவிடும்.

கட்டணம் குறைவு, குறைவு என்று ஏஜென்ட் சொல்லிக்கொண்டே இருக்கிறார். பல ஆண்டுகளாக அது போதாத அளவில் இருந்ததன் விளைவுதான் இந்த 31.

9 மார்ச்

உறுப்பினர் வாக்கெடுப்பு இல்லாமல் மாதக் கட்டணத்தை ஓராண்டில் 20 சதவீதம் வரை நிர்வாகக் குழு உயர்த்தலாம். அப்படியானால் அடுத்த ஆண்டு 702, அதற்கடுத்த ஆண்டு 842. மாதக் கட்டணத்துக்கு மேல் தனியாகக் கேட்கும் சிறப்பு வசூல் என்றால், அந்த ஆண்டின் மொத்தச் செலவுத் திட்டத்தில் 5 சதவீதத்தைத் தாண்டும்போதுதான் வாக்கெடுப்பு வேண்டும். அந்த வரம்பு எங்கள் வீட்டுக்கு 351 டாலர். இதைப் படித்ததும் சற்று மூச்சு வந்தது.

11 மார்ச்

அப்பா தொலைபேசியில், "வேளச்சேரியில நாங்க கட்டுற மெயின்டனன்ஸ் மாதிரிதானேம்மா, கார்ப்பஸ் ஃபண்ட் எவ்வளவு வச்சிருக்காங்கன்னு கேட்டியா?" என்றார். இத்தனை பேரிடம் பேசியதில் முதல் கேள்வியிலேயே சரியான இடத்தைத் தொட்டவர் அவர் ஒருவர்தான்.

பக்கத்து ஊரான நியூவார்க்கில் 310 டாலர் கட்டணத்தில் ஒரு டவுன்ஹோம் (வரிசை வீடு) இருக்கிறது. அங்கே நிலம் நம்முடையது. கூரையும் வெளிச்சுவரும் நம் பொறுப்பே. பெயரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பார்வைக்கு டவுன்ஹோமாக இருப்பது சட்டப்படி, நிலம் எல்லோருக்கும் பொதுவான காண்டோவாகவும் இருக்கலாம். கூரையை மாற்றுவது யார் என்பதை விதிமுறைகளில் கண்டுபிடித்த பிறகே இரண்டு கட்டணங்களையும் ஒப்பிட வேண்டும்.

13 மார்ச்

கூட்டக் குறிப்புகள் வந்தன. அக்டோபர் கூட்டத்தில் ஒரே ஒரு வரி: "பால்கனி ஆய்வு: பொறியாளர் அறிக்கை அடுத்த கூட்டத்தில் விவாதிக்கப்படும்." அடுத்த கூட்டத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

பெர்க்லியில் 2015 ஜூன் 16 அன்று உயரத்தில் இருந்த பால்கனி ஒன்று இடிந்து விழுந்து ஆறு மாணவர்கள் இறந்தார்கள். உள்ளே ஈரம் இறங்கி மரம் உளுத்துப் போயிருந்தது. அதன் பிறகு வந்த சட்டம், மரத்தாலான உயரப் பால்கனிகளையும் நடைமேடைகளையும் 2025 ஜனவரி 1-க்குள் முதல் முறையும், பின்னர் ஒன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறையும் ஆய்வு செய்யச் சொல்கிறது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் உள்ள காண்டோ கட்டடங்களுக்கு இது பொருந்தும். அந்தக் கெடு தாண்டி இரண்டு மாதங்களுக்கு மேல் ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை எழுதிய 5 சதவீத வரம்பு இங்கே உதவாது. உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்று கண்டறியப்பட்ட பழுதைச் சரிசெய்ய, வாக்கெடுப்பே இல்லாமல் எவ்வளவு வேண்டுமானாலும் வசூலிக்க அதே டேவிஸ்-ஸ்டெர்லிங் சட்டம் இடம் தருகிறது. பிள்ளைகள் நிற்கப் போகும் இடத்துக்கு அது நியாயமான விதிதான். ஆனால் செலவு யார் தலையில் விழும் என்று தெரிந்தாக வேண்டும்.

14 மார்ச்

கேட்டிருந்த பொறியாளர் அறிக்கை வரவில்லை.

16 மார்ச்

காப்பீட்டு முகவரிடம் பேசினேன். சங்கம் உரிமையாளர்களிடம் வசூலிக்கும் தொகையில் எங்கள் பங்கை ஈடுகட்டும் பிரிவை எங்கள் சொந்தக் காப்பீட்டில் சேர்க்கலாம். ஆனால் தீ போன்ற, காப்பீடு ஏற்கும் சேதத்தால் வந்த வசூலுக்கு மட்டுமே அது பொருந்தும். மரம் உளுத்ததற்குப் பொருந்தாது. சங்கத்தின் காப்பீட்டில் நிலநடுக்கமும் இல்லை, ஹேவர்டு பிளவு இந்த ஊரின் ஊடாகவே ஓடுகிறது.

17 மார்ச்

விற்பவர் பத்தாயிரம் டாலர் குறைக்கத் தயார் என்று ஏஜென்ட் மகிழ்ச்சியோடு சொன்னார். எதற்கு என்று கேட்டேன். காரணம் எதுவும் சொல்லவில்லையாம். விற்பவர் இன்னும் அறிக்கையைப் பற்றி மட்டும் பேச மாட்டேன் என்கிறார்.

18 மார்ச்

அறிக்கை வந்துவிட்டது. உடனடி ஆபத்து என்று எதையும் பொறியாளர் குறிப்பிடவில்லை. ஆனால் மேற்குப் பக்கப் பால்கனிகள் சிலவற்றில் நீர்த்தடுப்புப் படலம் பழுதாகியிருக்கிறது, திறந்து பார்த்த இரண்டில் உத்தரம் மென்மையாகியிருக்கிறது. எங்கள் பால்கனி ஆய்வு மாதிரியிலேயே இல்லை. மதிப்பீட்டுச் செலவு என்ற கட்டம் காலியாக விடப்பட்டிருக்கிறது. இருப்பு நிதி அறிக்கை 2023-இல் தயாரிக்கப்பட்டது என்பதால், 31 சதவீதம் என்ற அந்த எண்ணில் இந்தப் பழுது எதுவும் சேர்ந்திருக்கவில்லை.

ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ளும் உரிமை நாளை மாலை ஐந்து மணி வரைதான். பால்கனிப் பழுதுக்கு ஒப்பந்தக்காரர்களிடம் விலை கேட்டிருக்கிறீர்களா, கேட்டிருந்தால் எவ்வளவு என்று நிர்வாக நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன். எழுத்தில் பதில் வராவிட்டால் கையெழுத்திட மாட்டோம் என்று என் கணவரும் ஒப்புக்கொண்டார்.