ஒரு கைக்கு மூன்று படம்

"எதுக்குக்கா மூணு படம்? ஒண்ணு எடுத்தாப் போதாதா?"

சிங்கப்பூரில் மருத்துவமனை ஒன்றில் எக்ஸ்ரே படம் எடுக்கும் ரேடியோகிராஃபராக இருக்கிறேன். இந்தக் கேள்வியைக் கேட்காத வாரமே கிடையாது. துவாஸ், ஜூரோங் பக்கம் கப்பல் பட்டறைகளிலும் கட்டுமானத் தளங்களிலும் வேலை செய்கிற தம்பிகள் கையைத் துணியால் சுற்றிக்கொண்டு வருவார்கள். முகத்தில் வலியை விட பயம்தான் அதிகம் தெரியும். தமிழ் பேசும் ஆள் ஒருவர் கிடைத்ததும் அடக்கி வைத்த கேள்வியெல்லாம் வெளியே வரும். பின்னால் வரிசை நின்றாலும் அவற்றுக்குப் பதில் சொல்லித்தான் அனுப்புவேன்.

ஒரு கையில் 27 எலும்புகள். மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. எக்ஸ்ரே இவற்றின் நிழலைத்தான் பிடிக்கிறது. நிழலில் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துவிடும். விரல் எலும்பு முறிந்து பின்பக்கமாக நகர்ந்திருந்தாலும் நேர்ப்படத்தில் ஒழுங்காக இருப்பதுபோலத் தோன்றலாம். பக்கவாட்டில் எடுத்தால்தான் நகர்ந்தது தெரியும். அதனால் படம் பதியும் பலகையான டிடெக்டர் மேல் உள்ளங்கையைத் தட்டையாக வைத்து ஒன்று, அடியில் ஸ்பாஞ்ச் கொடுத்து 45 டிகிரி சாய்த்து ஒன்று, சுண்டுவிரல் பக்கம் கீழே இருக்கும்படி நிறுத்தி விரல்களை விசிறிபோல் விரித்து ஒன்று. வீங்கிய கையை விரிக்கச் சொல்வது கொடுமைதான். முடிந்த மட்டும் விரித்தால் போதும், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்பேன். வலது கையா இடது கையா என்று காட்ட ஓரத்தில் சின்ன ஈய எழுத்து ஒன்றை வைத்துவிட்டு, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய் பட்டனை அழுத்துவேன். படம் எடுக்க ஒரு நொடிகூட ஆகாது. கையைச் சரியாக வைப்பதற்குத்தான் நேரம் பிடிக்கும்.

மோதிரத்தைக் கழற்றச் சொன்னால் பலரும் தயங்குவார்கள், கல்யாண மோதிரம் என்றால் இன்னும். எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ரான்ட்ஜென் 1895 டிசம்பர் 22 அன்று எடுத்த அந்தப் புகழ்பெற்ற படமும் ஒரு கைதான். அவர் மனைவி அன்னா பெர்த்தாவின் கை, விரலில் மோதிரத்தோடு. இன்று நாங்கள் அதை அனுமதிப்பதில்லை. உலோகத்துக்கு அடியில் இருக்கும் எலும்பு படத்தில் மறைந்துபோகும் என்பது ஒரு காரணம். வீக்கம் கூடினால் மோதிரமே விரலின் ரத்த ஓட்டத்தை இறுக்கிவிடும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

டாக்டர் எழுதி அனுப்பும் சீட்டில் எப்போதும் ஒரு கேள்வி இருக்கும். முறிவா, மூட்டு விலகலா, உள்ளே எதுவும் புதைந்திருக்கிறதா? இரும்புத் துணுக்கும் கண்ணாடிச் சில்லும் படத்தில் தெரியும். மரச்சிராய் பெரும்பாலும் தெரியாது, அதற்கு அல்ட்ராசவுண்ட் பார்ப்பார்கள். வயதான அம்மாமார்களுக்கு இரண்டு கைகளையும் எடுக்கச் சொன்னால் அங்கே கேள்வி வேறு. விரல் நுனி மூட்டும் கட்டைவிரலின் அடி மூட்டும் தேய்ந்திருந்தால் வயதின் தேய்மானமாக இருக்கலாம். விரல் அடி முட்டிகளிலும் நடு மூட்டுகளிலும் எலும்பு அரித்திருந்தால் முடக்குவாதத்தைச் சந்தேகிப்பார்கள். சிறு பிள்ளைகளின் வளர்ச்சி வயதுக்கு ஏற்றபடி இருக்கிறதா என்று பார்க்க இடது கையை எடுப்பதும் உண்டு. கதிர்வீச்சை நினைத்துப் பயப்படுகிற தாய்மார்களுக்கு ஒன்று சொல்வேன்: ஒரு கைப் படத்தில் படுவது, இயற்கையாகவே சில மணி நேரத்தில் நம்மேல் படும் அளவுதான்.

நான் அதிகம் கவலைப்படுவது 'எக்ஸ்ரேல ஒண்ணுமில்லையாம்' என்று நிம்மதியாகக் கிளம்பிப் போகிறவர்களைப் பற்றித்தான்.

சாரத்திலிருந்து சறுக்கி, உள்ளங்கையை ஊன்றி விழுந்த ஒரு தம்பி வந்திருந்தார். கூடவே அவருடைய அறைத் தோழர். எங்கே வலிக்கிறது என்றால் கையை முழுசாகக் காட்டினார். ஒரே விரலால் தொட்டுக் காட்டுங்கள் என்றேன். கட்டைவிரலை விரித்தால் அதன் அடியில், மணிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம் விழுமே, அங்கே விரலை வைத்து முகத்தைச் சுளித்தார். அந்தப் பள்ளத்துக்குக் கீழேதான் ஸ்கேஃபாய்ட் என்கிற எலும்பு இருக்கிறது. முந்திரிக்கொட்டை அளவுதான், வளைந்த வடிவம். மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்க வைத்து அதற்கென்று தனிப் படங்களும் எடுத்தோம். படத்தில் கோடு எதுவும் தெரியவில்லை. ஆனாலும் டாக்டர் கட்டைவிரலையும் சேர்த்து அசையாமல் பிடிக்கும் ஸ்பிளிண்ட் போட்டு, இரண்டு வாரத்துக்குள் திரும்பி வரச் சொன்னார்.

வெளியே வந்ததும் தம்பி என்னிடம், "அதான் ஒண்ணுமில்லைன்னு வந்திருச்சே, அப்புறம் எதுக்குக்கா கட்டு? சூப்பர்வைசர்கிட்ட என்ன சொல்றது?" என்று கேட்டார். படத்தைப் படித்து முடிவு சொல்வது என் வேலையில்லை. டாக்டர் சொன்னதைப் புரியும்படி விளக்கலாம், அதைச் செய்தேன். இந்த எலும்பில் மெல்லிய கீறல் விழுந்தால் முதல் நாள் படத்தில் தெரியாமல் போகலாம். பத்து நாளுக்கு மேல் போனால் கீறலின் ஓரம் சற்றுக் கரைந்து அகலும், அப்போது தெரியும். இதற்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து முனையில் நுழைந்து பின்னோக்கிப் போகிறது. நடுவில் முறிந்தால் பின்பாதிக்கு ரத்தம் கிடைக்காமல் அது செத்துப்போகலாம். கவனிக்காமல் விட்டால் சில வருடங்களில் மணிக்கட்டே கெட்டுவிடும். கையை நம்பிப் பிழைக்க வந்தவருக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு!

அவருக்கு இன்னொரு பயமும் இருந்தது. விழுந்தது வேலையில் என்று சொன்னால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்று, பாத்ரூமில் வழுக்கியதாகவே முதலில் சொல்லியிருக்கிறார். இது எனக்குப் புதிதல்ல, கேட்கும்போதெல்லாம் மனசு கனக்கும். வேலையில் பட்ட காயத்துக்கு மருத்துவச் செலவும் எம்சி, அதாவது டாக்டர் எழுதித் தரும் மருத்துவ விடுப்பு நாட்களின் சம்பளமும் கேட்க இங்கே சட்டம் இடம் தருகிறது. நிரந்தர ஊனம் என்றால் இழப்பீடும் உண்டு. விபத்தால் எம்சி கொடுத்தால் முதலாளி மனிதவள அமைச்சுக்குத் தெரிவித்தாக வேண்டும். எப்படி விழுந்தோம் என்பதை டாக்டரிடம் உள்ளபடி சொல்வது சிகிச்சைக்கும் முக்கியம். கையை ஊன்றி விழுந்தார் என்று தெரிந்தால்தான் அந்தச் சின்ன எலும்பின் மேல் சந்தேகம் விழும். உள்ளே போய் நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தார்.

சொன்ன தேதிக்குச் சரியாக வந்தார், தோழரும் கூடவே. இரண்டாவது படத்தில் அந்தச் சின்ன எலும்பின் நடுப்பகுதியில் மெல்லிய கோடு. டாக்டர் பார்த்து மாவுக்கட்டுக்கு எழுதினார். கட்டுப் போடும் அறைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது, தோழர் தன் வலது கட்டைவிரலின் அடியை அழுத்திப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எனக்கும் போன வருஷத்திலேருந்து இதே இடத்துலதான்கா வலி. விழுந்தப்ப படம் எடுத்து ஒண்ணுமில்லைன்னாங்க. அதோட விட்டுட்டேன்."

பதிவு கவுன்டர் எங்கே என்று காட்டி, இதையே டாக்டரிடமும் சொல்லச் சொல்லி அவரை அனுப்பினேன்.